அறுபத்து நாலு டிகிரி அவமானம்

"அறுபத்து நாலு! முட்டைகூட வேகாது இதுல!"

குடியிருப்பின் பொதுச் சௌனாவில், அந்தச் சூட்டுக் குளியல் அறையில், இடுப்புத் துண்டோடு நின்று கத்தினார் ரெய்னோ. வாசலில் நின்ற மனைவி ஹில்க்கா அசரவில்லை.

"கத்தினா சூடு ஏறுமா?"

போன வாரம் வரை வெப்பமானி கூரையை ஒட்டித் தொங்கியது. வெறும் கண்ணுக்கு எட்டாது; மூக்குக்கண்ணாடி போட்டால் ஆவி படியும். நாலு மாதம் விடாமல் மனுப் போட்டு, அதைக் கதவோரம் மார்பளவுக்கு இறக்க வைத்தவர் ரெய்னோ. இறக்கியதும் அவர் முதலில் படித்த எண்ணே இந்த அறுபத்து நாலு. எண்பது என்று சொல்லி இத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறார்கள்!

அன்றே மாடிப்படி அறிவிப்புப் பலகையில் எழுதினார்: 'எண்பது டிகிரி எங்கள் உரிமை. திருடியது யார்?' அதன் கீழே ஏழு வீட்டார் ஆமோதித்து எழுதினார்கள். எல்லோருக்கும் திடீரென்று குளிர்ந்தது.

பராமரிப்பாளர் தாபியோ வந்து பார்த்தார். "அடுப்பை எண்பதுக்குத்தான் வெச்சிருக்கேன்."

"அப்போ என் கண்ணு பொய் சொல்லுதா?" என்று விரட்டிவிட்டார் ரெய்னோ.

இன்று விஷயம் மானப்பிரச்சினை. ஆறு மணிக்கு ஹில்க்காவின் அண்ணன் எஸ்கோ வருகிறார். ஏரிக்கரையில் சொந்த விறகுச் சௌனா வைத்திருப்பவர். பட்டணத்து மின்சாரச் சௌனாவை 'ரொட்டி அடுப்பு' என்பார். அதே எஸ்கோ போன வருடம் இங்கே சூடு தாங்காமல், உட்காரும் மேல் பலகையிலிருந்து முதலில் இறங்கி ஓடினார். ரெய்னோ வாழ்க்கையில் மச்சானை ஜெயித்த ஒரே நாள் அது. அறுபத்து நாலில் நிற்கும் இந்த வெப்பமானி முள்ளை எஸ்கோ பார்த்தால் அந்த வெற்றி என்ன ஆகும்?

அடுப்புக்கு மேலே சுவரில் சூட்டு உணரி இருந்தது. அது குளிர்ந்தால் அடுப்பு தானாக இன்னும் எரியும். ரெய்னோ வீட்டுக்கு ஓடி உறைபெட்டியைத் திறந்தார்.

"அது அண்ணனுக்கு வெச்ச லிங்கன்பெர்ரி!" என்றாள் ஹில்க்கா.

"உங்க அண்ணனுக்காகத்தான் எடுக்கறேன்."

உறைந்த பழப்பையை உணரிமேல் கட்டினார். முள் எழுபத்தைந்தைத் தொட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். அதற்குள் பழம் இளகி, பை நழுவி, அடுப்பில் அடுக்கியிருந்த சூட்டுக் கற்கள்மேல் விழுந்து வெடித்தது. கற்களெல்லாம் ஜாம். புகை. மூடியிருந்த உணரிக்கு உண்மைச் சூடு தெரிந்ததும் 'டக்' என்று பாதுகாப்பு விசை விழுந்து அடுப்பு அணைந்தது.

கருகிய ஜாமைக் கழுவப் பதினோரு வாளித் தண்ணீர் ஊற்றினார். கதவைத் திறந்து புகையை விரட்டினார். முள் நாற்பத்தொன்று. மணி ஐந்தே முக்கால்.

ரெய்னோ வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வீட்டுச் சமையலறைக்கு ஓடினார்.

"அடுப்புல என்ன வேகுது?" என்றாள் ஹில்க்கா.

"மானம்!"

திரும்ப மாட்டியபோது முள் தொண்ணூறில் ஒட்டிக்கொண்டு நின்றது.

சௌனாவில் உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக்கட்டோடு வந்த எஸ்கோ முள்ளைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். மேல் பலகையில் ஏறினார். கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டார். கல் முனகக்கூட இல்லை.

"மாப்ளே, தொண்ணூறுல எனக்குக் குளிர்ல ரோமம் சிலிர்க்குதே! இதுலயா போன வருஷம் நான் இறங்கி ஓடினேன்? அன்னிக்கு எனக்கு ஜுரம் அடிச்சிருக்கும்!"

சிரித்துச் சிரித்து இலைக்கட்டையே கீழே போட்டார்.

ரெய்னோவுக்குப் பொறுக்கவில்லை. புகை வாடை பிடித்து வந்த தாபியோவின் சட்டையைப் பிடித்தார். "எல்லாம் உன்னாலதான்யா! மேல எண்பதுன்னு தொங்கவிட்டு எங்களை ஏமாத்தினே. கீழே இறக்கினதும் குட்டு உடைஞ்சுது! என் மச்சான் முன்னாடி உண்மையை ஒத்துக்க!"

தாபியோ சட்டையை நிதானமாக விடுவித்துக்கொண்டார்.

"சூடு எப்பவும் மேல் பலகையிலதான் நிக்கும், ரெய்னோ, உங்க மச்சானைப் போன வருஷம் விரட்டின அதே எண்பது இன்னிக்கு அடுப்பு அணையற வரைக்கும் அங்கேயேதான் இருந்துச்சு. நீங்க மனுப் போட்டு இறக்கினது மானியை மட்டும்தான்!"