ஆறு மணி அம்மன்

நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அம்மன் குடிவந்து ஒரு மாதமாகிறது. கோயில் காலியாகக் கிடக்க, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஆறாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பிராதான் அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். தினமும் மாலை ஆறு மணிக்கு அங்கே மாட்டிய அம்மன் படத்தைச் சுற்றிய பல்புகள் தாமாக எரியும். ரேடியோ தானாகப் பாடும். சுவிட்சில் ஒருவர் கையும் படாது!

கினிகத்தேனையில் கைரேகை பார்த்து ஓய்ந்த ஆண்டியப்பன், அந்தக் காம்பிராவுக்கு வந்ததும் ஆண்டியப்ப சுவாமிகள் ஆகிவிட்டார். ஒரே பஸ் பயணத்தில் இவ்வளவு பெரிய பதவி உயர்வு எந்தத் துரைக்கும் கிடைத்ததில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு பெண்கள் ஓடினார்கள். வலப்பனையிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் அம்மன் பிந்திவிட்டாள். பகலெல்லாம் டவுனில் சுற்றிய சாமி, ஆறு மணிக்குச் சற்று முன்தான் வந்து உட்கார்ந்திருந்தார். ஆறாயிற்று, வெளிச்சமில்லை. சாமிக்கு வியர்த்தது. ஆறே முக்காலுக்குத்தான் பல்புகள் எரிந்தன.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா! இங்கிலீஷ் மருந்த நம்புற ஆளு இங்க இருக்கு!"

கூட்டத்தில் இருந்த நாகலெட்சுமி கும்பிட்டபடி முன்னால் வந்தாள். அவள் மகள் பிரேமினிக்கு வலிப்பு. மூன்று வருடமாக மாத்திரையின் தயவில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள்.

"சாமி, என் புள்ளதாங்க மாத்திர போடுது."

"தூக்கி எறி. ஆத்தா பாத்துக்குவா."

எறிந்துவிட்டாள். ஞாயிறு காலை பிரேமினி குழாயடியில் வலிப்பு வந்து விழுந்து, தாடையைக் கிழித்துக்கொண்டாள். ஆத்தா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்!

நாகலெட்சுமியின் அண்ணன் மாயாண்டி, தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகளைக் கவனிப்பவர். செய்தி கேட்டு ஓடிவந்தார்.

"வெள்ளிக்கிழம அம்மன் எவ்வளவு நேரம் பிந்துச்சு?"

"முக்கா மணி நேரம்ணே. நேத்து சரியா ஆறுக்கு வந்துட்டா."

"அன்னைக்குப் பகல்ல கரண்ட் எவ்வளவு நேரம் இல்ல?"

நாகலெட்சுமி யோசித்தாள். "அதுவும் முக்கா மணி நேரந்தான்."

"எங்க காத்தாடி குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட டைமர் வச்சிருக்கோம். கரண்ட் போனா அதோட கடிகாரமும் நின்னுரும். நின்ன நேரத்துக்குக் காத்தாடி பிந்தும், யாராச்சும் திருப்பி வச்சாத்தான் மறுநாள் சரியாகும். சாயந்தரம் வா, காட்டுறேன்."

அன்று மாலை ஐந்தரைக்குச் சாமியின் காம்பிராவில் கூட்டம் நிறைந்திருந்தது. மாயாண்டி எல்லோரும் பார்க்க வாசலில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தார்.

"இருவது நிமிசம் கழிச்சுப் போடுவேன். அம்மன் ஆறு இருவதுக்குத்தான் வருவா. எல்லாரும் போன்ல மணியப் பாருங்க."

"தெய்வத்த சோதிக்கிறியா? கண்ணு போயிரும்!"

"போனா என் கண்ணுதானே சாமி, நீங்க உக்காருங்க."

ஐந்து ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது. ஆறாயிற்று. அம்மன் வரவில்லை. "ஆத்தாளச் சாந்தப்படுத்துறேன்" என்று சாமி படத்தின் பக்கம் எழுந்தார். நாகலெட்சுமி குறுக்கே நின்றாள். "அவளே வரட்டுங்க."

ஆறு இருபது. பல்புகள் எரிந்தன, ரேடியோ பாடியது. அப்போதும் நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாகலெட்சுமி படத்துக்குப் பின்னால் தொங்கிய சிவப்புத் துணியை இழுத்தாள். சுவரில் உள்ளங்கை அளவு டைமர் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சாமி செருப்பைத் தேடினார். வாசலை மறித்து மாயாண்டி நின்றார்.

நாகலெட்சுமி அந்த டைமரைப் பிடுங்கிக் கூட்டத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"கரண்ட் போனா மணி தெரியாத சாமிய நம்பி, மணி தவறாமப் போட வேண்டிய மாத்திரய எறிஞ்சேன். எம்புள்ள தாடையில ஏழு தையல். கும்பிட்ட கையக் கொஞ்சம் எறக்கிட்டு யோசிங்க!"