கார் பார்க்கக் கூட வருபவர்

பழைய கார் வாங்குபவரைப் பார்த்திருப்பீர்கள், விற்பவரையும் பார்த்திருப்பீர்கள். இந்த இருவருக்கும் நடுவில், ஒரு காசும் போடாமல், ஒரு காசும் வாங்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வருகிற மூன்றாவது பிறவி ஒன்று உண்டே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? அது இல்லாமல் மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு பழைய காரும் கைமாறியதாக வரலாறு கிடையாது. அந்தப் பிறவிக்குப் பெயர், கார் பார்க்கக் கூட வருபவர்.

ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் அந்தப் பதவியில் இருப்பவர் சதாசிவம். ஏதோ ஓர் ஆபீஸ் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது கார் வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், முதல் நாளே சட்டையை அயர்ன் பண்ணி மாட்டி வைத்துவிடுவார். சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். அது மூக்குத் துடைக்க என்று நினைத்தீர்களா? எஞ்சினை ஓடவிட்டு, பின்பக்கம் போய்க் குந்தி, புகை விடுகிற எக்ஸோஸ் குழாயின் வாயில் அந்தக் கைக்குட்டையைப் பிடிப்பார், படிந்த கரியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், பிறகு முன்பக்கம் வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் போனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி, எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். டயருக்கு ஓர் உதை. கதவுக்கு ஒரு சாத்து. கடைசியாக ஒரு பெருமூச்சு. பெருமூச்சு வந்துவிட்டால் தீர்ப்பு தயார் என்று அர்த்தம்.

தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "வேணாம் லா."

ஏன் எப்போதும் வேணாம்? யோசித்துப் பாருங்கள். 'எடு' என்று சொல்லி, அந்தக் கார் நடு ரோட்டில் படுத்துக்கொண்டால், வாங்கியவனின் மாமியார்வரை சதாசிவத்தைத்தான் திட்டுவார்கள். 'வேணாம்' என்று சொன்னால்? வாங்காத கார் எங்கே படுக்கும், யாருக்குத் தெரியும்? வேணாம் சொல்லி இதுவரை யார் பெயரும் கெட்டதில்லை. இந்த ரகசியத்தைச் சதாசிவம் யாரிடமும் சொன்னதில்லை, தமக்கே சொல்லிக்கொண்டதில்லை. இதே முறையில் அவர் தமக்காகவும் ஏகப்பட்ட கார்கள் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. இன்றுவரை மோட்டார் சைக்கிள்தான்.

கார் வாங்கக் கிளம்பிய ஷெரில் இவரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டாள். அவளுடைய அம்மா கெர்ட்ரூட் கூப்பிட்டுவிட்டார். "ஆம்பள தொணை ஒண்ணு வேணும்லா," என்பது அவர் கட்சி.

கெர்ட்ரூட்டுக்குச் சிறுநீரகம் பழுது. செமோரில் இருக்கும் வீட்டிலிருந்து வாரத்துக்குப் பல தடவை ஈப்போவுக்கு டயாலிசிஸ் செய்யப் போயாக வேண்டும். வீட்டுக் கார் ஒரேயடியாக நின்றுபோன பிறகு கைப்பேசியில் கூப்பிடுகிற கிராப் வாடகைக் காரை நம்பியே பிழைப்பு ஓடியது. கடைசி நேரத்தில் ஓட்டுநர் கேன்சல் செய்வார். இவர்கள் தாமதமாகப் போவார்கள். அடுத்த நோயாளி காத்திருப்பதால் மெஷினை முன்கூட்டியே கழற்றிவிடுவார்கள். அன்றெல்லாம் கெர்ட்ரூட்டுக்குக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். ஷெரில் பயந்துபோனாள். தேடித் தேடி, சிம்பாங் பூலாயில் விக்னேஸ்வரன் என்கிற வாத்தியார் விற்கிற சின்ன மின்சாரக் கார் ஒன்றைக் கண்டுபிடித்தாள். டவுனுக்குள் ஓட்டத் தோதான, கைக்கு அடக்கமான வண்டி. இரவு வீட்டு வாசலில் பிளக் போட்டால் காலையில் தயார். இவர்கள் பார்க்கப் போகிற அன்றே மத்தியானம் இன்னொருவரும் வருகிறார் என்று வாத்தியார் முன்பே சொல்லியிருந்தார்.

அன்றைக்கு மட்டும் கிராப் ஓட்டுநர் கேன்சல் செய்யவில்லை. மூன்று பேரும் போய் இறங்கினார்கள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி," என்றார் சதாசிவம், உள்ளங்கையைப் போனட்டில் வைத்து, கண்ணை மூடி.

"போட்டுட்டேன் அண்ணே," என்றார் விக்னேஸ்வரன்.

"எங்க போட்டீங்க? சத்தத்தையே காணோம்."

"இது சத்தம் போடாது அண்ணே."

சதாசிவம் காதைப் போனட்டோடு ஒட்டவைத்துக் கேட்டார். பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. யாரோ பாத்திரம் கழுவினார்கள். கார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எத்தனை வருஷமாக இந்தக் காதை நம்பி வாழ்ந்தவர்! சொல்வதற்கு ஒன்றுமே கிடைக்காமல் போய்விட்டால், அயர்ன் பண்ணிய சட்டையோடு இங்கே எதற்காக நிற்கிறோம் என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்தார். உடனே கைக்குட்டையை உருவிக்கொண்டு பின்பக்கம் ஓடிக் குந்தினார். தேடினார். இன்னும் குனிந்தார். கன்னம் சிமெண்டுத் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஷெரில், இங்க வா! எக்ஸோஸயே கழட்டி வித்துட்டானுங்க!"

விக்னேஸ்வரன் நல்ல மனிதர். சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "எலெக்ட்ரிக் காருக்கு எக்ஸோஸே கெடையாது அண்ணே."

நீங்களும் நானும் என்றால் இந்த இடத்தில் தே குடிக்கப் போயிருப்போம். கூட வருபவர் போவாரா?

"அதான் நானும் சொல்றேன். பொகை விடாத வண்டி, மூச்சு விடாத ஆளு மாதிரி. உள்ள என்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? மழை பேஞ்சா கரண்ட் அடிக்கும். ரோசாக்கா போயி நின்னுட்டா எந்தப் பட்டறையில தொடுவான்?" டயருக்கு ஓர் உதை. கதவுக்கு ஒரு சாத்து. பெருமூச்சு. "வேணாம் லா."

ஷெரில் அதைக் காதில் வாங்காமல் அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து, அந்தத் தாமான் வீடுகளை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தாள். பேட்டரி எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று போன வாரமே வாத்தியாரோடு போய்ச் சோதித்துப் பார்த்திருந்தாள். வீட்டு வாசல் பிளக்கையும் வயர்மேனிடம் காட்டியிருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"எறங்கும்மா."

"நான் எறங்கல," என்றார் கெர்ட்ரூட். "குலுக்கவே இல்லடி. தூக்கமே வந்திருச்சி."

விக்னேஸ்வரனின் கைப்பேசி அடித்தது. மத்தியானம் வர வேண்டியவர் இப்போதே கிளம்பிவிட்டாராம்.

ஷெரில் சதாசிவத்தைப் பார்த்தாள். "வேணாம்னா சரி அங்கிள். நாளைக்கு அம்மாவ யாரு கூட்டிட்டுப் போவா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. வேணாம் என்பதற்கு அப்புறம் ஒரு நாளை உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் உறைத்தது. தம்முடைய மோட்டார் சைக்கிளை நினைத்தார். திறந்திருந்த கதவு வழியாகக் கெர்ட்ரூட்டின் காலைப் பார்த்தார். செருப்பின் வார் பதிந்து தடம் விழுந்திருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் காரைப் போலவே அவரும் சத்தம் போடவில்லை. ஷெரில் முன்பணம் கொடுத்தாள்.

கார் செமோருக்கு வந்த அன்று, தேவாலயத்து ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். ஃபாதர் போனதும், சதாசிவம் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து டயருக்கு ஒன்றாக வைத்தார். "எந்தச் சாமியா இருந்தா என்ன தம்பி, வை," என்றார் கெர்ட்ரூட். எஞ்சின் சத்தம் கேட்டதும் ஒதுங்கலாம் என்று சதாசிவம் டயர் பக்கத்திலேயே நின்றார். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. பழச்சாறு பீய்ச்சியடித்து அவர் கால்சட்டை நனைந்தது. வெள்ளைக் கைக்குட்டைக்கு அன்றைக்கு ஒரு வேலை கிடைத்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வாரம் புந்தோங் ஒட்டுக்கடையில் தே குடித்தபடி அவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். "செமோர்ல ஓடுற அந்த எலெக்ட்ரிக் காரா? நான் பாத்துக் குடுத்ததுலா. குனிஞ்சு பாத்தேன், எக்ஸோஸ் இல்ல. ஒடனே எடுன்னுட்டேன்."

சிரித்துவிட்டீர்களா? சரி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சதாசிவம் பின்னால் போய்க் குந்தினாரே, அப்போது 'எக்ஸோஸ் எதற்கய்யா, பேட்டரியைப் பார்' என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா இல்லையா? உங்களை யார் கூப்பிட்டார்கள்? பேட்டரியைப் பார்க்க வேண்டியவள்தான் போன வாரமே பார்த்துவிட்டாளே! எதற்கும் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். வெள்ளைக் கைக்குட்டை தட்டுப்பட்டால் வெட்கப்பட வேண்டாம். பின் சீட்டில் கெர்ட்ரூட்டுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, தாராளமாக ஏறிக்கொள்ளுங்கள். அவர் தூங்குகிறார், சத்தம் மட்டும் போடாதீர்கள்.