எளாவூர் அலுமினிய வீல்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். கும்மிடிப்பூண்டியிலே கார் வைத்திருந்த ஒரே நாஷ்டா கடைக்காரன் நான்தான். அதை முதலில் மனசில் வாங்கிக்கொண்டு மேலே கேளுங்க.

எழுபத்து நாலாம் வருஷம். கார் பழசு, சின்னது. நாலு பேர் ஏறினால் மூணு பேர்தான் மூச்சு விடலாம். ஆனாலும் கார் கார்தானே. அந்த ஸ்டியரிங்கைப் பெண்டாட்டி தொடக்கூடாது என்பது என் சட்டம். கன்னியம்மா இரண்டு வருஷமாகக் கேட்டாள். நான் இரண்டு வருஷமாக மீசையை முறுக்கினேன்.

அந்த ஆடியில் எளாவூர் துளசிராமனின் காயலான் கடையில் நாலு சீமை அலுமினிய வீல் பார்த்தேன். கப்பலில் வந்ததாம். அதில் முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம், அப்படி ஒரு பளபளப்பு. வாங்கிவந்து கடை வாசலில் அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டி, பெரியபாளையம் போய் அம்மனுக்கே காட்டுவதாகத் திட்டம்.

"இது நம்ம வண்டிக்கு சேருமாயா?" என்றாள் கன்னியம்மா.

"சேராம? நம்ம வீல்ல நாலு ஓட்டை. இதுல எண்ணிப் பாரு."

"நாலுதான்."

"கயிறு போட்டு சுத்தளவும் பாத்துட்டேன். ரெண்டும் ஒண்ணு."

"ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல எவ்ளோன்னு பாத்தியா?"

"இன்னாமே, இட்லித்தட்டு வாங்கற மாதிரி கேக்குற? இது மிஷின் சமாச்சாரம்."

உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை, கடை நிறைய ஆள். பக்கத்து வீட்டு சாலமோன் இட்லியைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"சாலமோன் அண்ணே, நீங்க சாட்சி" என்றாள் கன்னியம்மா. "நாளைக்கு அந்த வீல் மாட்டிக்கிச்சுன்னா, ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்னு வாயத் தொறக்க மாட்டேன். மாட்டலன்னா நாளைக்கு ஸ்டியரிங் எனுது."

"வேணாம் ஆதி" என்றார் சாலமோன். "தங்கச்சி சிரிச்சிக்கினே சொல்லுது. பேஜாராயிடும்."

இவளுக்கு ஓட்டவே தெரியாது. தோற்றாலும் எனக்கு என்ன நஷ்டம்? "ஒத்துக்கினேன்" என்றேன், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி.

ஞாயிறு. தெருவே கூடிவிட்டது. ஜாக்கி வைத்தேன். பழைய வீலைக் கழற்றினேன். புதுசைத் தூக்கி வைத்தேன். ஒரு போல்ட்டு ஓட்டையில் நுழைந்தது. எதிர் போல்ட்டு கால் அங்குலம் தள்ளி முட்டிக்கொண்டு நின்றது. திருப்பி வைத்தேன். முட்டியது. அடித்தேன். கெஞ்சினேன். தேங்காயெண்ணெய் தடவினேன்.

"இன்னா ஆதி, எண்ணெ தேச்சி வளக்கப் போறியா?" என்றார் சாலமோன்.

அப்போது கன்னியம்மா ஒரு வாடிய வாழை இலையைக் கொண்டுவந்தாள். நம் வண்டி நட்டுகள் மேலே வைத்து அழுத்தியிருக்கிறாள். நாலு நட்டும் கறுப்பாக அச்சு விழுந்திருந்தது. அந்த இலையைப் புது வீல் மேல் விரித்தாள். ஒரு அச்சு ஓட்டையில் உட்கார்ந்தது. எதிர் அச்சு ஓட்டையை விட்டு விலகி நின்றது.

"எப்பப் பாத்த இத?"

"புதன்கிழம. நீ மீஞ்சூருக்கு அரிசி வாங்கப் போயிருந்தப்போ."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா நீ பந்தயம் கட்டியிருப்பியா?"

தெருவே சிரித்தது. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பரிமாறுகிற இலையை வைத்து வீலுக்கு அளவெடுத்தவள், இந்த ஜில்லாவிலேயே என் பெண்டாட்டி ஒருத்திதான்.

"சரி, ஸ்டியரிங் உனுது" என்றேன். "ஏறி உக்காந்து ஆசை தீரப் பாத்துக்க."

அவள் சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்ன புத்தகத்தை எடுத்து சாலமோனிடம் நீட்டினாள். டிரைவிங் லைசென்ஸ். போட்டோவில் என்னைப் பார்த்தே சிரிக்கிறாள். போன கோடையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மாசம் ஆரணியில் இருந்தாளே, அப்போது லாரி ஓட்டுகிற அவள் அண்ணன் கற்றுக்கொடுத்தானாம். மாமியாருக்காக எவ்வளவு கவலைப்பட்டேன் தெரியுமா?

பழைய வீலை நானே மாட்டினேன். அலுமினியம் நாலையும் பின் சீட்டில் ஏற்றினேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எளாவூருக்கு ஓட்டினாள். நானாக இருந்தால் மூணு இடத்தில் எஞ்சின் நின்றிருக்கும்.

காயலான் கடை வாசலில் நிறுத்தினாள்.

"துளசிராமன்கிட்ட பேசி வெச்சிட்டேன், வாபஸ் வாங்கிக்குவாரு. எறக்கிக் குடுத்துட்டு இங்கயே இருயா. அம்மனைப் பாத்துட்டு வரும்போது ஏத்திக்கினு போறேன்."

நாலாவது வீலை இறக்கி நிமிர்ந்தேன். கன்னியம்மா வளையல் போட்ட வலது கையை வெளியே நீட்டி, ஆந்திரா எல்லை செக்போஸ்ட்டுக்கு வந்த லாரிகளை இரண்டு பக்கமும் நிறுத்தி, ஒரே மூச்சில் வண்டியைத் திருப்பிக்கொண்டு பெரியபாளையம் போனாள்.