இன்ஷிரா மேடம் வீட்டுத் தேநீர்

இந்த உலகத்தில் நன்றி என்ற ஒன்று இன்னும் சாகாமல் இருக்கிறதென்றால், அதற்குக் கெய்ரோவில் இயங்கும் எங்கள் 'மூத்த கலைஞர் போற்றல் குழு'தான் காரணம். அதன் செயலாளர் நான் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருடப் பதக்கம் நடிகை இன்ஷிரா வஹ்பாவுக்கு. கறுப்பு வெள்ளைப் படங்களில் பதினோரு கணவர்களையும் நான்கு மருமகள்களையும் தேநீரில் விஷம் வைத்துக் கொன்றவர். விஷயமுள்ள நடிகை. ஊரில் பலர் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்வார்கள்.

ஷுப்ராவில் அவர் வீட்டுக்கு நாங்கள் நாலு பேர் மூன்று மாடி ஏறிப் போனோம். எண்பத்திரண்டு வயது. உதட்டுச் சாயம் பூசி, ஐந்து கண்ணாடித் தம்ளர்களில் புதினா போட்ட தேநீரோடு காத்திருந்தார்.

"முதல்ல டீயக் குடிங்க. இந்த வீட்ல விருந்தாளி டீ குடிச்சு முப்பது வருஷம் ஆச்சு. பதக்கமெல்லாம் அப்புறம்."

நாலு பேரும் தம்ளர்களை எட்டிப் பார்த்தோம்.

"எனக்கு சுகர் மேடம்," என்றார் தலைவர் டாக்டர் பஹ்கத். கீழே கடையில் அரைக் கிலோ பஸ்பூஸா இனிப்பு தின்றுவிட்டு வந்தவர். விரலில் பாகு காயவில்லை.

"உங்க தம்ளர்ல சக்கர போடல."

"நான் நோன்பு மேடம்," என்றார் உறுப்பினர் ஷுக்ரி, வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு.

"புகை விடுற நோன்பா கண்ணு?"

பொருளாளர் லவாஹிஸ் சாமர்த்தியசாலி. "பெரியவங்க நீங்க முதல்ல குடிங்க மேடம்."

"என் ஏழாவது புருஷனும் இதத்தான் சொன்னான். நான் குடிச்சேன். வெச்சிருந்தது அவன் தம்ளர்ல!"

லவாஹிஸ் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். தலைவர் என் காதில், "தேநீர் 'கொள்கையளவில் அருந்தப்பட்டது'ன்னு எழுதிக்கப்பா," என்றார். எழுதினேன். பிறகு தலைவர் எழுந்து நின்று பாராட்டுரை வாசித்தார். "விஷக்காரியாகவே வாழ்ந்து காட்டிய..."

"நிறுத்துங்க. நான் எங்க வாழ்ந்தேன்? படம் முடிஞ்சதும் நான் வீட்டுக்கு வந்துட்டேன். நீங்கதான் இன்னும் தியேட்டர விட்டு வெளிய வரல."

அருமையான பேச்சு. எல்லோரும் எழுந்து கைதட்டினோம். கைதட்டல் ஓயும் வரை காத்திருக்காமல், மேடம் தன் தம்ளரைக் குடித்தார். பிறகு தலைவருடையதை. ஷுக்ரியுடையதை. லவாஹிஸுடையதை.

"சாகல. அதையும் எழுதிக்கோ," என்று சொல்லி, கடைசித் தம்ளரை என் பக்கமாக நீட்டினார்.

வாங்கியிருப்பேன். ஆனால் எனக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. கைதட்டிக்கொண்டிருந்தேன்.