ராசதுரை மாமாவின் சிலேட்டும் எனது நாலு நண்டும்

புதன்கிழமை காலை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ராசதுரை மாமாவின் மின்நூல் கருவிக்குள் ஒரு புத்தகத்தை ஏற்றிக் கொடுக்கவேண்டும்.

பத்து நிமிட வேலை. அப்படித்தான் என் வாயால் சொன்னேன்.

அன்று விடியவே நாலு வாவி நண்டு வாங்கி, கழுவி, பிரிட்ஜில் வைத்திருந்தேன். மாமா வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து கறிக்குக் கூட்டலாம் என்பது திட்டம். வெள்ளிக்கிழமை எங்கள் பிள்ளையார் கோயில் கொடியேற்றம். அதற்குப் பிறகு கல்லடியில் எங்கள் ஒழுங்கையில், அதாவது சந்தில், மீன் வாசமே வராது. ஆகவே நண்டுக்கும் எனக்கும் மிஞ்சி இருந்தது இரண்டே நாள்.

ராசதுரை மாமா எனக்குச் சொந்தமில்லை. ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் மாமா. கரடியனாற்றில் விவசாயப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகக் கோயிலில் புராணம் படிப்பவர். திருவிழா நாட்களில் மாலையில் பாய் விரித்து, மாமா பாட்டைப் படிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்வார், அதாவது கதையை விளக்குவார்.

போன வருடம் மாமாவின் கண் மங்கி, இரண்டு இடத்தில் வரி தடுமாறிவிட்டது. கோயில் ஆட்கள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருடம் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு ஆசிரியரையும் கூப்பிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். "சும்மா பக்கத்தில இருக்கட்டும், மாமாவுக்குத் துணையா" என்றார் கோயில் தலைவர். துணை என்றால் என்னவென்று மாமாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இந்த முறையும் தடுமாறினால் பாய் கைமாறும்.

ஜெர்மனியில் இருக்கும் மகள் இதற்காகத்தான் அந்தக் கருவியை அனுப்பியிருந்தாள். எழுத்தைத் தேங்காய் அளவுக்குப் பெருப்பிக்கலாம். கறுப்பாக, மெல்லிசாக இருந்ததால் மாமா அதற்குச் சிலேட்டு என்று பெயர் வைத்துவிட்டார். புராணத்தை மகள், மாமாவின் மனைவி பூமணி மாமியின் போனுக்கு அனுப்பியிருந்தாள். போனிலிருந்து அதைச் சிலேட்டுக்குக் கொண்டுபோக ஒரு ஆள் தேவை.

அந்த ஆள் நான். இருபத்திரண்டு வருடம் நோர்வேயில் இருந்துவிட்டுப் போன வருடம் ஊருக்குத் திரும்பியவன். அங்கே நான் செய்தது மீன் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டும் வேலை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்குக் கொம்பியூட்டர் தெரியாது என்று சொன்னால் எங்கள் ஒழுங்கையில் யாரும் நம்பமாட்டார்கள். கொஞ்ச நாள் மறுத்துப் பார்த்தேன். பிறகு நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

போனபோது மாமி சிலேட்டை மேசையில் ஒரு பட்டுத்துணிக்குள் சுற்றி வைத்திருந்தார். பிரித்தால் மஞ்சள் நூல், இரண்டு அறுகம்புல், ஓரத்தில் கொஞ்சம் குங்குமம்.

"கோயில்ல வெச்சி அருச்சன செஞ்சிதான் மனே எடுத்த" என்றார் மாமி.

புதுச் சாமான் எது வந்தாலும் பிள்ளையார் பாதத்துக்குப் போய்த்தான் வீட்டுக்குள் வரும். நான் பெரிய மனதோடு சிரித்துவிட்டு, கைக்குட்டையால் துடைத்தேன்.

மாமி தானே ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தார். போனைச் சிலேட்டுக்கு மேலே வைத்து ஒரு நாள் முழுக்க விட்டிருக்கிறார். "ஒண்டும் இறங்கல்ல" என்றார் கவலையாக. பாலுக்கு உறை ஊற்றியவர் தயிரைக் காணாத முகம்.

சும்மா செய்துகொடுத்துவிட்டு வந்திருக்கலாம். என் பழக்கம் அதுவல்ல. எட்டாம் வகுப்புவரை ஊரில் தமிழில், பிறகு கொழும்பில் ஆங்கிலத்தில் என்று இரண்டு மொழியில் படித்தவனுக்கு, எதையும் விளக்காமல் இருக்க முடியாத ஒரு நோய் உண்டு. மகள் விட்டுப்போன லெப்டொப்பைத் திறந்து, புராணத்தைப் போனிலிருந்து அதற்கு மாற்றிவிட்டு வகுப்பைத் தொடங்கினேன்.

போல்டர் என்றால் ஒரு வட்டை மாதிரி, பைல் என்றால் அந்த வட்டைக்குள் கிடக்கும் ஒவ்வொரு வயல் மாதிரி என்றேன். வயற்காரருக்கு வயலை வைத்தே விளக்கிவிட்ட பெருமையில் நிமிர்ந்து இருந்தேன்.

மாமா யோசித்தார். "அப்ப வட்டவிதானை ஆரு?"

வட்டை முழுவதற்கும் தண்ணீர் திறப்பதையும் வேலி அடைப்பதையும் பார்ப்பவர் வட்டவிதானை. நீங்கள்தான் மாமா என்றேன்.

அது பிழையாகப் போய்விட்டது. மாமா அந்த நிமிடமே பதவியை ஏற்றுக்கொண்டார். மாமியின் கோலப் படங்கள் எல்லாம் வட்டைக்குள் களையாகக் கிடக்கின்றன, பிடுங்கவேண்டும் என்றார். மாமி மறுத்தார். இதற்கிடையில் மாமி கற்றுக்கொண்ட ஒரே பாடத்தை வைத்து, புராணத்தைப் பதினாலு தரம் பிரதி எடுத்துவிட்டார்.

ஏன் மாமி இத்தனை என்றேன்.

"விதநெல்லு கூடுதலா வெக்கிறல்லியா? ஒண்டு பழுதாப் போனா மறுகா என்ன செய்யுற?"

ஆக, பதினாலு புராணம் லெப்டொப்பில் இருந்தது. சிலேட்டில் ஒன்றுகூட இல்லை. கேபிளைச் செருகினேன். வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. செருகியதே லெப்டொப்புக்குத் தெரியவில்லை.

கேபிள் பழுது என்று தீர்ப்புச் சொன்னேன். அதற்குள் பன்னிரண்டு மணியாகிவிட்டது. ராகுகாலம், ஒன்றரை மட்டும் புது வேலை ஒன்றும் தொடங்க ஒண்ணா என்றார் மாமி. பழைய வேலைதானே என்று வாதாடிப் பார்த்தேன். வேலை பழையதுதான், கேபிள் புதிது என்றார். ஒன்றரை மணிவரை கதிரையில் இருந்து, மாமி தந்த மரக்கறிச் சோற்றைத் தின்றேன்.

பின்னேரம் பாலம் தாண்டி டவுனுக்குப் போய் மூன்று விதமான கேபிள் வாங்கி வந்தேன். மூன்றும் சரிவரவில்லை. அப்படியென்றால் லெப்டொப்தான் பழுது என்றேன். வியாழன் காலை அடுத்த வீட்டு லெப்டொப்பை இரவல் வாங்கினேன். அதுவும் கண்டுகொள்ளவில்லை.

பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கையேடு இருந்தது. முதல் வரி, செருகும் துவாரம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள் என்றது. இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதியது என்று அதைத் தாண்டி ஐந்தாவது வரிக்குப் போனேன். பொத்தானை நாற்பது செக்கன் அமர்த்திப் பிடிக்கச் சொன்னது.

நான் பிடித்தேன். மாமா கைகூப்பிக்கொண்டு எண்ணினார். நாற்பதில் நிற்கவேண்டியவர், ராசியான எண் என்று நாற்பத்தைந்து வரை போனார். சிலேட்டு ஒருமுறை கண் விழித்தது. வெறும் பற்றரியின் படம் ஒன்றைக் காட்டிவிட்டு அணைந்தது. இனிச் சார்ஜ் ஏறினால்தான் எழும்பும். சார்ஜ் ஏறவும் அதே துவாரம்தான்.

இதற்குள் தண்ணீர், வேறு சாமான் எதுவும் போனதா என்று மாமியிடம் கேட்டேன்.

"சீ, ஒரு சாமானும் போகல்ல" என்றார் மாமி உறுதியாக.

அப்படியென்றால் சிலேட்டு செத்துவிட்டது, ஜெர்மனியிலேயே பழுதாக வந்திருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாட்டின் மேலேயே பழியைப் போட எனக்கு இரண்டு நாள்தான் தேவைப்பட்டது.

மாமி போனை வைத்துப் படிக்க ஏலாதா என்று கேட்டார். மாமா தலையாட்டினார். போன வருடம் பாட்டின் நடுவில் ஒரு போன் அடித்ததிலிருந்து புராணப் பாய்க்குப் போன் ஒண்ணா என்று சட்டம். அடித்தது மாமாவின் போன். அழைத்தது மாமி, மருந்துக் குளிசை போட்டாரா என்று கேட்க.

மாமா எழும்பினார். வெள்ளிக்கிழமைக்காக வெளியே எடுத்து வைத்திருந்த கரைச் சால்வையை நாலாக மடித்தார். திரும்ப அலுமாரிக்குள் வைத்தார்.

"அந்தப் பெரியகல்லாத்து சேரே படிக்கட்டும் மனே. நல்ல தொண்ட அவருக்கு" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்குப் போய் நண்டு சமைத்திருப்பேன். அமைதியாகச் சொன்னார். அலுமாரிக் கதவு சத்தமில்லாமல் மூடிய விதத்தைப் பார்த்துவிட்டு, சிலேட்டைப் பட்டுத்துணியோடு தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

காத்தான்குடியில் போன் திருத்தும் ஒரு நானாவை, அதாவது முஸ்லிம் அண்ணனை, எனக்குத் தெரியும். கடை ஒரு அலுமாரி அளவு. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார். நான் கேபிள், லெப்டொப், மென்பொருள், ஜெர்மனி என்று முழு வரலாற்றையும் விளக்கினேன். அவர் ஒன்றும் கேட்காமல் துவாரத்தைப் பார்த்தார். பிறகு அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"சந்தனம்" என்றார்.

நானும் குனிந்து துவாரத்தைப் பார்த்தேன்.

"நல்ல சந்தனம் தம்பி. எந்தக் கோயில்?"

ஒரு ஊசியால் மெல்ல மெல்லக் கிண்டினார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக ஒரு வெள்ளைத் தாளில் விழுந்தது. கேபிளைச் செருகினார். சிலேட்டில் சின்ன விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"வெக்கப்படாதீங்க. நோம்புக்கு இதுக்குள்ள கஞ்சி வரும். திருவிழாக்குச் சந்தனம் வரும். எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றார். விழுந்த சந்தனத்தைத் தாளோடு மடித்து, உங்கட சாமிச் சாமான், எறிய வேணாம் என்று என் கையில் தந்தார்.

திரும்பி வந்து மாமியிடம் தாளை விரித்துக் காட்டினேன். மாமி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிலேட்டின் கண்ணாடியில் அழுக்குப் படக்கூடாது என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அதனால் ஐயர் பொட்டு வைக்க வந்தபோது, கண்ணாடியில் வேணாம், அந்தக் கரையில் ஒரு பள்ளம் இருக்கு, அதுக்குள்ள வைங்க என்று இவர்தான் இடம் காட்டியிருக்கிறார்.

கேட்டேனே மாமி, ஏதும் உள்ளே போனதா என்று, என்றேன்.

"சாமான் எதுவும் போனதா எண்டுதானே நீ கேட்ட. இது பிரசாதம்."

புராணம் ஏறியது. பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. எழுத்தைப் பெருப்பித்தேன். மாமா முதல் வரியைக் கண்ணாடி இல்லாமல் படித்தார். பிறகு பக்கம் புரட்ட, முப்பது வருடப் பழக்கத்தில், விரலை நாக்கில் தொட்டுச் சிலேட்டில் வைத்தார். ஈரம் பட்டதும் சிலேட்டு பதினேழு பக்கம் தாண்டிப் பாய்ந்தது. கல்யாணத்தில் நின்ற கதை போர்க்களத்துக்குப் போய்விட்டது. விரலை நனைக்கவேண்டாம் என்று கெஞ்சினேன். மாமா ஓம் ஓம் என்றார். சொல்லிக்கொண்டே மறுபடியும் நனைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை கோயில் நிறைய ஆட்கள். மாமா கரைச் சால்வையோடு பாயில் இருந்தார். பக்கத்தில் பெரியகல்லாற்று சேர், மடியில் தடித்த புத்தகம் விரித்தபடி. மாமா எங்கே வரி விடுவார் என்று பார்க்கும் நிதானம். நான் மூன்றாவது வரிசையில், என் வேலை முடிந்த நிம்மதியில் இருந்தேன்.

அப்போதுதான் ஐயர் தட்டோடு வந்தார்.

படிக்கத் தொடங்குமுன் ஏட்டுக்குப் பூசை செய்வது வழக்கம் என்பது எனக்குத் தெரியும். இது சிறுவயதிலிருந்து பார்த்ததுதான். நினைவுதான் வரவில்லை. ஐயர் பூப் போட்டார். கற்பூரம் காட்டினார். சந்தனத்தைக் குழைத்து விரலில் எடுத்தார். எடுத்துக்கொண்டு, பழக்கப்பட்ட இடத்தைத் தேடிக் கரைப்பக்கம் குனிந்தார்.

மூன்று வரிசையை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. ஒரு ஆச்சியின் அருச்சனைத் தட்டைத் தட்டிவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். "ஐயா, அதுக்குள்ள வைக்காதீங்க" என்று கத்தியது கோபுரம் வரை கேட்டிருக்கும். பாயில் போய் விழுந்து, துவாரத்தைப் பெருவிரலால் பொத்திக்கொண்டேன்.

மேளம் நின்றது. ஐயர் என்னைப் பார்த்தார். பிள்ளையாரும் பார்த்திருப்பார். ஐயர் அனுபவசாலி. ஒன்றும் நடக்காததுபோல என் பெருவிரலில் சந்தனத்தை வைத்து, அதற்கு மேல் ஒரு பூவும் வைத்துவிட்டுப் போனார்.

எழும்பப் பார்த்தேன். மாமா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரு மனே" என்றார் உதட்டை அசைக்காமல். "இப்ப எழும்பினா பிழையாத் தெரியும்."

படிப்புத் தொடங்கியது. முதல் பக்கம் முடியும்போது மாமாவின் விரல் மெல்ல நாக்கை நோக்கிப் போனது. நான் முந்திக்கொண்டு காய்ந்த கையால் பக்கத்தைத் தட்டினேன். அடுத்த பக்கமும் அப்படியே. ஒன்றரை மணித்தியாலம், ஒரு கையில் சந்தனமும் பூவும், மறு கையால் பக்கம் புரட்டல். மாமா ஒரு வரியும் விடவில்லை. குரல் வெளி வீதி வரை போனது. பாதியில் சேர் தன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

முடிந்ததும் தலைவர் என்னிடம் வந்தார். நல்ல பொருத்தமா இருந்தது, நாளைக்கும் வரவேணும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பாயில இருக்கிற ஆள். மச்சம் ஒண்ணா."

அதாவது ஒழுங்கைக்கு வெளியே போய்க்கூட மீன், நண்டு தொடக்கூடாது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். கடைசி நாள் தீர்த்தத் திருவிழா வரை என்றார். பத்து நாள்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியகல்லாற்று சேர் கிட்ட வந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தனக்கும் இப்போது கண் அவ்வளவு விளக்கமில்லை, மடியில் வைத்திருந்த புத்தகத்தில் ஒரு எழுத்தும் தெரியவில்லை, மனப்பாடத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மகனிடம் சொல்லி இப்படி ஒரு சிலேட்டு எடுப்பித்தால் புத்தகம் ஏற்றித் தருவீர்களா என்று கேட்டார்.

"கனநேரம் எடுக்குமா தம்பி?"

நான் பெருவிரலில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தேன். இனி எவருக்கும் பத்து நிமிடம் என்று சொல்வதாக இருந்தால், முதலில் நண்டைத் தின்றுவிட்டுத்தான் சொல்வேன்.