முன் அச்சு லாக்கர் குறித்த கோப்பு

கடலூரில் வெள்ள நிவாரணத்துக்கென்று இருந்த ஓர் அலுவலகத்தில், 2008-ஆம் வருஷம், நாலு சக்கரமும் இழுக்கிற லாரி ஒன்று இருந்தது. எந்தச் சேற்றிலும் மணலிலும் அது போகும் என்று பதிவேட்டில் எழுதியிருந்தது. சேறு அந்தப் பதிவேட்டைப் படித்ததில்லை.

அதை ஓட்டியவர் கண்ணாயிரம். முந்தைய மழையில், கீரப்பாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது, ஊர் எல்லையில் முன்சக்கரம் புதைந்துபோனது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்து, தங்களைக் காப்பாற்ற வந்த லாரியைக் கயிறு கட்டி இழுத்துக் காப்பாற்றினார்கள். கண்ணாயிரத்தின் அக்காவை அந்த ஊரில்தான் கொடுத்திருந்தது. அக்கா புருஷன் சாமிக்கண்ணுவும் ஒரு கை பிடித்தார். அதற்கப்புறம் கண்ணாயிரம் அந்த ஊருக்கு விருந்தாடியாகக்கூடப் போகவில்லை.

சிதம்பரத்து மெக்கானிக் ராஜமாணிக்கம் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"சேத்துல ஒரு சக்கரம் சும்மா சுத்துது. இன்னொண்ணு நின்னு வேடிக்க பாக்குது. முன் அச்சுல லாக்கர்னு ஒண்ணு போட்டா ரெண்டும் சேந்து சுத்தும்."

அதில் இரண்டு ரகம். ஒன்று தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் தார் ரோட்டில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நிற்கும். இன்னொன்று, வேண்டும்போது சுவிட்சைத் தட்டினால் காற்றழுத்தத்தில் பிடிக்கும். இரண்டு நாள் யோசித்து, சுவிட்ச் ரகம்தான் என்று முடிவுகட்டி, கண்ணாயிரம் மனு எழுதினார்.

அதிகாரி அருள்முருகன் மனுவை இரண்டு தடவை படித்தார். லாக்கருக்குச் சாவி யார் பொறுப்பில் இருக்கும் என்று கேட்டார். சாவியே கிடையாது என்றதும் அவர் முகம் மாறியது. சாவி இல்லாத லாக்கர் வாங்கியதாக முன்னுதாரணம் எதுவும் இல்லை. தவிர, அச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற பொருளைத் தணிக்கைக்கு வருகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? பார்க்க முடிகிற மேம்பாடுகளுக்கு அவர் ஒருநாளும் தடை சொன்னதில்லை. ஆகவே கூரைமேல் ஆறு விளக்கும், முன்னால் பளபளவென்று ஒரு பம்பரும், பக்கவாட்டில் பாயும் சிறுத்தை ஸ்டிக்கரும் அந்த மாதமே வந்து சேர்ந்தன. ஊரில் கொஞ்சம் வசதியானவர்களின் ஜீப்பிலெல்லாம் அப்போது சிறுத்தைதான் பாய்ந்துகொண்டிருந்தது.

லாக்கர் கட்டாயம் வேண்டுமென்றால், வண்டி சிக்கிக்கொள்வதைக் கமிட்டி நேரில் பார்த்துத் திருப்தியடைய வேண்டும் என்று உத்தரவாயிற்று.

தேவனாம்பட்டினம் மணலில் பரிசோதனை நடந்தது. அருள்முருகனோடு மூன்று பேர், நாற்காலி போட்டு உட்கார்ந்து, இளநீர் குடித்தபடி காத்திருந்தார்கள். கண்ணாயிரம் மனப்பூர்வமாகச் சிக்கிக்கொள்ளத்தான் போனார். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. மணல் இளகுகிற இடம் வந்ததும் தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது. மூன்று தடவையும் லாரி ஜம்மென்று வெளியே வந்தது. திரும்பும்போது கமிட்டியின் கார் புதைந்தது. அதையும் கண்ணாயிரமே இழுத்துவிட்டார். 'மேற்படி வாகனம் சிக்கவில்லை. சிக்கியவற்றை மீட்கவும் வல்லது' என்று அறிக்கை எழுதினார்கள்.

கார்த்திகையில் மறுபடி வெள்ளம் வந்தது. அதே ஊர் எல்லை, அதே பள்ளம். ஆறு விளக்கும் எரிய, சிறுத்தை கழுத்தளவு சேற்றில் பாய்ந்தபடி நின்றது. கண்ணாயிரம் கூனிக்குறுகிப்போய் ஆபீசுக்குப் போன் செய்தார். அருள்முருகனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அப்படியே இருக்கட்டும். ஒரு இஞ்ச் நகத்தாதீங்க. கமிட்டி வந்து பாக்கட்டும்."

"ரோடெல்லாம் தண்ணி சார். உங்க காரு வராது."

அருள்முருகன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அப்போ லாரிய எடுத்துக்கிட்டு வந்து எங்கள ஏத்திக்கிட்டுப் போங்க."

கண்ணாயிரம் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஊராரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் மூட்டைகளை இறக்கிக்கொண்டு, சாமிக்கண்ணு தலைமையில் லாரியை இழுத்துவிட்டார்கள். கண்ணாயிரம் கடலூர் போய், மறுநாள் காலையில் கமிட்டியை ஏற்றிவந்தார். காலி லாரி புதைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஊரே சேர்ந்து பின்னாலிருந்து தள்ளிப் புதைத்தது. கமிட்டி பார்வையிட்டது, போட்டோ எடுத்தது. பிறகு அதே ஜனம் அதே கயிற்றால் வெளியே இழுத்தது. கமிட்டி அதையும் பார்வையிட்டது.

பத்தே நாளில் ஆணை வந்தது. வாகனம் சிக்கியது உண்மை. கிராம மக்கள் அதை ஆறு நிமிஷத்தில் மீட்டதும் உண்மை. எனவே லாக்கர் அவசியமில்லை. முன் அச்சின் மேம்பாடாக அக்கிராமத்தில் இருபது நபர்கள் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார்கள். ஊதியம் கிடையாது. அடையாள அட்டை உண்டு.

அடி விழும் என்று பயந்துகொண்டேதான் கண்ணாயிரம் அந்த ஆணையை ஊருக்கு எடுத்துப் போனார். பொழுது சாய்வதற்குள் நாற்பத்து மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒன்பது பேர் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தார்கள். அதில் இரண்டு பேர் பட்டதாரிகள். சாமிக்கண்ணு அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், லாக்கர் கீக்கர்னு திரும்ப மனு குடுத்துத் தொலைச்சிடாத. லிஸ்ட்ல நான் பதினேழாவது."

அடுத்த மழைக்குள் பள்ளத்தை இன்னும் இரண்டடி ஆழப்படுத்தித் தரவேண்டும் என்று ஊர் சார்பில் ஒரு மனு கொடுப்பதாக அன்றைக்கே தீர்மானித்தார்கள். ஆபீஸ் பாஷை தெரிந்தவர் என்பதால் கண்ணாயிரத்தையே எழுதித் தரச் சொன்னார்கள். அவரும், இரண்டடி போதாது என்று பட்டதால், மூன்றடி என்று எழுதிக் கொடுத்தார்.