செருப்பு மாத்தி சார்

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டையில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆளை நொண்டவைத்த ஒரே அதிகாரி எங்கள் 'செருப்பு மாத்தி' சார்தான். அது மருந்துக்கான மூலப்பொருள் தயாரிக்கும் சின்ன கம்பெனி. அவர் தலைமை கெமிஸ்ட். நிஜப் பெயர் என்னவென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

முதல் நாள், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு டீக்கடை வரை போய்வரச் சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, "புதுசா சேந்தியா தம்பி?" என்றார். அவர் பார்க்காத நொண்டலா!

திரும்பியதும் சார் விளக்கினார்.

"ரெண்டும் ஒரே தோலு, ஒரே சைசு. மாத்திப் போட்டா நடக்க முடியுதா? மருந்தும் அப்படித்தான் மாப்ள. ஒரே சரக்குல இடது, வலதுன்னு ரெண்டு உருவம் வரும். ஒண்ணு நோயத் தீக்கும். இன்னொண்ணு ஒடம்புக்குள்ள போய் வம்பு பண்ணும். நமக்கு ஒத்தக்கால் செருப்புதான் வேணும்."

அந்த ஒன்றை மட்டும் வரவழைக்க, ரசாயனம் கலக்கும் கலனைக் கடுங்குளிரில் வைத்து, சரக்கைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும். சார் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு கலன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "உள்ள அது குளிர்ல கெடக்கு. நான் மட்டும் சொகமா இருக்கவா?" என்பார்.

கம்பெனிக்கு முதல் பெரிய ஆர்டர் சித்திரைத் திருவிழா நேரத்தில்தான் வந்து தொலைத்தது. அது போனால் கம்பெனிக்குப் பூட்டு, எங்களுக்குத் திண்டாட்டம். ஆபரேட்டர் பாண்டி அண்ணனுக்கோ கருப்பசாமி வேஷம் கட்டி அழகர்மீது தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன். சார் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டு, வேலையை முடித்துக் கிளம்பிவிட்டார். கலன் சூடேறிவிட்டது. நான் சோதித்துப் பார்த்தபோது, வேண்டாத கால் செருப்பு வரம்பைத் தாண்டியிருந்தது.

"இம்புட்டூண்டுதானய்யா கூட இருக்கு? எவனும் கண்டுக்க மாட்டான், அனுப்பிருங்க" என்றார் முதலாளி.

சார் குனிந்து, வாசலில் கிடந்த முதலாளியின் செருப்புகளை இடம் மாற்றி வைத்தார்.

"இதப் போட்டுக்கிட்டு மெயின் கேட்டு வரைக்கும் இம்புட்டூண்டு நடந்துட்டு வாங்க மொதலாளி. அப்புறம் அனுப்பிருவோம்."

ரோஷத்தோடு கிளம்பிய அந்த ஆஜானுபாகு உருவம், வாட்ச்மேன் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. "யோவ், திரும்பப் பண்ணித் தொலைங்கய்யா!"

போன் பறந்தது. கருப்பசாமி வேஷத்தைக்கூடக் கலைக்காமல் ஓடிவந்தார் பாண்டி அண்ணன். வேஷமும் சலங்கையுமாகக் கலன் முன்னால் நின்று, சொட்டுச் சொட்டாகவே விட்டார். ஆர்டர் பிழைத்தது, நாங்களும்.

போன மாதம் கே.கே. நகரில் சார் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாபகம் தடுமாறுகிறது என்றார் அவர் மனைவி. சாருக்கு என்னைத் தெரியவில்லை. ஆனால் டீ குடிக்கக் கூப்பிட்டதும் உற்சாகமாக வாசலுக்கு வந்தார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தார்.

நான் குனிந்து சரியாக மாட்டிவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"புதுசா சேந்தியா மாப்ள?"

"ஆமா சார்" என்றேன். அவரிடம் இன்னொரு தடவை சேர எனக்குக் கசக்கவா செய்யும்?